மரியாதைக்கு ஒரு வார்த்தை

அந்தப் பைய இப்படிக் குடுங்க சார், என்ற மடியில வெச்சுக்கறேன். பாரமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஊட்டியில இந்த பஸ்ஸுக்கு எடம் கெடைக்கறதே பெரும்பாடு, ஒருத்தருக்கொருத்தரு அனுசரிச்சுத்தான் போகோணும். நீங்க மைசூர் வரைக்கும் போறீங்களா? நல்லதுங்க. நான் தெப்பக்காட்டுல எறங்கிக்குவேன். கூடலூரு தாண்டி, முதுமலைக் காட்டுக்குள்ளாற. ஒரே ஒரு நாளைக்குத்தான் போறேன். ரெண்டு நாளா இருந்துச்சுங்க, அதுல ஒரு நாள் நேத்தே போயிருச்சு.

சிரிக்காதீங்க சார். ஒரு காட்டுக்குப் போயி ரெண்டு நாளு இருந்துட்டு வாரதுக்கு ரெண்டு மாசமா நான் பட்ட பாடு, ஒரு கல்யாணத்துக்குக் கூடப் பட்டதில்ல. சும்மா சொல்லலீங்க. முப்பத்தோரு வருசம் கல்யாண மண்டபத்துல மேனேஜரா இருந்தவன் சொல்றேன். மாப்பிள்ளை ஓடிப் போன கல்யாணத்தையே, ஆக்கிவெச்ச சோறு ஆறுறதுக்குள்ள வேற மாப்பிள்ளைய ஒக்கார வெச்சு நடத்திக் குடுத்திருக்கறேன். வாசல்ல நின்னு கூட்டத்த ஒரு பார்வை பாத்தாப் போதும், எத்தன எலை போடோணும்னு சொல்லிப்போடுவேன். நாலு எலைக்கு மேல தப்பாது.

என்ற பேரு சென்னியப்பன். ஊரு கோபிச்செட்டிபாளையம். பஸ் ஸ்டாண்டுல எறங்கி மண்டபத்து மேனேஜர் வீடுன்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க. அந்தப் பக்கம் வந்தீங்கன்னா வீட்டுக்கு வராமப் போயிராதீங்க. அட, போன்ல எழுதறீங்களா? எழுதிக்கோங்க, எழுதிக்கோங்க. மெட்ராஸ்காரங்க எல்லாத்துலயும் சுறுசுறுப்புதானுங்க.

வர்ற தையில இருந்து பாத்தா நான் ரிட்டையர் ஆகி ஒரு வருசம் ஆகப் போகுது. இல்லீங்க, தப்பாச் சொல்றேன், போன தையிலதான் ரிட்டையர் ஆனேன். மூணு மாசந்தான் ஆச்சு. மூணு மாசத்துல மூணு வருசம் போன மாதிரி இருக்குது. அதுக்கு முன்னாடியெல்லாம் மண்டபத்துக்குப் பொறத்தாலயே வீடு. சமையக்கட்டுக்கும் ஜெனரேட்டர் ரூமுக்கும் நடுவால ஒரு ஓட்டு வீடு, மேனேஜருக்குன்னு கட்டி விட்டிருந்தாங்க. முகூர்த்த நாள்ல வெடியால நாலு மணிக்கு மைக் செட்டப் போட்டான்னா, அந்த வீட்டு ஓடே அதிரும். என்ற சம்சாரம் குணவதிக்கு ஒரு கொறையும் கெடையாதுங்க. வருசத்துல பாதி நாளு கல்யாணச் சாப்பாடு. எந்த ராணிக்கு சார் அப்படி அமையும்?

அவதான் இத ஆரம்பிச்சு வெச்சவ. மாசி மாசத்துல ஒரு நாளு, சொந்த வீட்டுக்குக் குடி வந்து பால் காய்ச்சி முடிச்ச வாரம், பக்கத்துல வந்து ஒக்காந்தா. "ஏனுங்க, சித்தரையில ரெண்டு நாளு எங்கியாச்சும் போலாமுங்களா. கூட்டமில்லாத எடமா. மைக் செட்டு கேக்காத எடமா. நாம ரெண்டு பேரும்" அப்படீன்னா. சித்தரையில முகூர்த்தம் அதிகமில்லீங்களா, முப்பத்தோரு சித்தரையும் நான் மண்டபத்துலதான் கெடந்தேன். மகராசியாப் போலாம் புள்ளன்னு சொல்லிப்போட்டேன். நான் எப்பவும் அவ பேச்சுக்கு மறுபேச்சு பேசுனதில்லீங்க.

திருப்பூர்ல கட்டிக் குடுத்த எங்க பொண்ணு கோகிலவாணி கம்ப்யூட்டர்ல தேடி, தெப்பக்காட்டுல காட்டு இலாக்கா விடுதியில ஒரு அறை போட்டுக் குடுத்தா. வெள்ளிக்கெழமையும் சனிக்கெழமையும். ஒரு அறைக்கு ரெண்டே பேருதாம்ப்பான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னா. நான் பிளான் எழுதறதுக்குன்னு நாப்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்கி வெச்சிருந்தேன். ஒரே பக்கத்துல முடிஞ்சு போச்சு சார். காலைல பஸ்ஸு, மத்தியானம் அறை, பொழுதோட யானை பாக்கறது. அவ்வளவுதான். ரெண்டு பேரு போறதுக்கு மேனேஜர் எதுக்குங்க?

இப்பத்தான் நீங்க கவனமாக் கேக்கோணும். எங்க பக்கத்துல ஒரு மொறை இருக்குது. ஒரு நல்லது கெட்டதுன்னாலோ, ஒரு ஊருக்குப் போறதுன்னாலோ, ஒரம்பரை, சொந்தக்காரங்ககிட்ட மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லிப்போடோணும். நாங்க இப்படிப் போறமுங்க, நீங்களும் வாங்களேன்னு. அவங்க, ஆகட்டுங்க, இன்னொரு நாளைக்குப் பாப்பமுன்னு சொல்லிப்போடுவாங்க. சோலி முடிஞ்சுது. கூப்புட்ட நமக்கும் மரியாதை, வராத அவங்களுக்கும் மரியாதை. சொல்லாம விட்டம்னு வெய்ங்க, அது தலைமொறைக்கும் நிக்கும். எங்க மண்டபத்துல நடந்த ஒரு கல்யாணத்துல, பொண்ணோட சித்தப்பனுக்குப் பத்திரிகை வெக்க மறந்துட்டாங்க. பதினேழு வருசமாப் பேச்சு வார்த்தை இல்ல. ரெண்டு வீட்டுக்கும் நடுவால ஒரு வேலிதான். இவங்க எருமை வேலி தாண்டி அவங்க சோளத்துல வாய வெச்சாக்கூட, அண்ணங்காரன் எருமைகிட்டப் பேசுவான், தம்பிங்காரன் எருமைகிட்டப் பதில் சொல்லுவான். அதக் கண்ணால பாத்தவன் சார் நான்.

அதனால காங்கயத்துல இருக்கற என்ற அக்காளுக்குப் போன் பண்ணுனேன். அக்கா, நாங்க முதுமலைக்குப் போறம், நீயும் வாயேன்னேன். மொறைக்குத்தான். அக்கா என்ன சொல்லியிருக்கோணும்? எனக்கெதுக்கப்பா காடும் மேடும், நீங்க போயிட்டு வாங்கன்னு சொல்லியிருக்கோணும். அவ என்ன சொன்னா தெரியுங்களா? எத்தன மணிக்குக் கெளம்பறீங்கன்னு கேட்டுப்போட்டா. மாமா தவறுனதுல இருந்து ஒரு வருசமா வாசப்படி தாண்டாதவ. நான் கூப்புட்ட ஒடனே வாரேங்கறா. எழுவது வயசாச்சு, மொறை தெரியலையே சார்.

சரி, அக்கா வாரான்னா தனியா வர முடியுமா? மருமகளும் பேரம்பேத்தியும் வந்தாங்க. அக்காளுக்குச் சொல்லிச் சம்பந்திக்குச் சொல்லாட்டி என்ற பொண்ணு அந்த வீட்டுல எப்படித் தலை நிமுந்து நடப்பா? திருப்பூருக்குப் பேசுனேன். சம்பந்தி நல்ல மனுசன், ஆனா அவருக்குப் பொழுதன்னைக்கும் ஆளுக வேணும். அவரு தம்பி குடும்பத்தையும் சேத்துக்கிட்டாரு. என்ற பக்கமும் சம்பந்தி பக்கமும் வந்து, குணவதியோட பொறந்தவன் ஈஸ்வரமூர்த்தி வரலீன்னா நாளைக்கு அவளுக்கே அது கொறையாப் போயிருமே. அவளுக்காகத்தான் அவனக் கூப்புட்டேன். அவன் பொண்டாட்டியோட பொறந்தவங்க மூணு பேரு. ஆறு பதினொண்ணாச்சு, பதினொண்ணு பத்தொம்பதாச்சு, பங்குனி பொறக்கறதுக்குள்ள முப்பத்திநாலு ஆயிருச்சு. எல்லாருமே வாரேன்னுட்டாங்க. ஒருத்தராச்சும் ஒரு பேச்சுக்கு வேண்டாம்னு சொல்லோணுமில்ல?

குணவதிகிட்டப் போயி முப்பத்திநாலுன்னேன். பெருமையாத்தான் சொன்னேன், பொய் சொல்லல. அவ பூண்டு உரிச்சுட்டு இருந்தா. "அப்ப நான் வரலீன்னாக்கூட ஒருத்தருக்கும் தெரியாதுங்க" அப்படீன்னா. நல்லாத் தமாஷ் பண்றயேன்னு சிரிச்சுட்டு வந்துட்டேன். அவ எப்பவுமே கொஞ்சம் தமாஷாப் பேசறவதான்.

அதுக்கப்பறம் நோட்டு பத்தல சார், இன்னொண்ணு வாங்குனேன். முப்பத்தஞ்சு சீட்டு வண்டி பேசியாச்சு. அவ்வளவு பேருக்கும் விடுதி கெடையாதுன்னு மசினகுடியில தனியா எடம் பாத்தாச்சு, பொண்ணு போட்ட அந்த ஒரு அறைய கேன்சல் பண்ணச் சொல்லியாச்சு. ஊட்டிக்கு வண்டி ஏத்தறதுக்கு இ-பாஸு. மண்டபத்துச் சமையல் மாஸ்டரே கூட வாரேன்னுட்டாரு. சனிக்கெழமை கவிச்சி ஆகாதுன்னு அக்கா. கறி இல்லாம ஒரு சுற்றுலாவான்னு சம்பந்தி. சரின்னு ரெண்டு பந்தி எழுதுனேன். இந்தக் கூத்துல, வெள்ளிக்கெழமை மேக்க சூலம், நாம போறதும் மேக்க, அன்னைக்கு எப்படிக் கெளம்பறதுன்னு அக்கா புதுசா ஒண்ணக் கெளப்பி விட்டா. மேக்க சூலத்துக்கு வெல்லம் வாயில போட்டுட்டுப் பொறப்பட்டா தோசம் இல்லையாம். அதையும் நோட்டுல எழுதுனேன். வெல்லம், முப்பத்திநாலு உருண்டை.

காட்டு இலாக்காவுக்கும் ஒரு போனப் போட்டு, முப்பத்திநாலு எலை போடற மாதிரி நெழலா ஒரு எடம் வேணுமுங்க, ரெண்டு பந்தியா வெச்சாலும் பரவால்லைன்னு கேட்டேன். எத்தன எலைங்கன்னு அந்தாளு மறுபடியும் கேட்டாரு. அப்பறம் ஐயா, இது காடுங்கன்னாரு. காடுன்னு தெரிஞ்சுதான கேக்கறேன். உள்ளாற சமைக்கக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது, சத்தம் போட்டுப் பேசக் கூடாதுன்னு அடுக்கிட்டே போறாரு. வந்து குணவதிகிட்டச் சொன்னேன், இப்படியெல்லாம் சட்டம் போட்டா மனுசன் எப்படி அங்க போவான்னு. அவ ரெண்டு மாசத்துல அன்னைக்குத்தான் மொகம் மலந்து சிரிச்சா. எதுக்குச் சிரிச்சாளோ, எனக்குத் தெரியல.

என்னங்க, அந்தப் பக்கம் எட்டிப் பாக்கறீங்க? யானையா? இருக்கும் இருக்கும், காடுன்னா இருக்கத்தான செய்யும். நீங்க கேளுங்க.

கெளம்பறதுக்கு நாலு நாள் இருக்கறப்பத் தகராறு ஆரம்பிச்சுது. முன்னாடி சீட்டு யாருக்குன்னு. எனக்குத் தலை சுத்தும், முன்னாடிதான் ஒக்காருவேன்னு அக்கா. சம்பந்தியம்மாளுக்கும் தலை சுத்துமாம். முப்பத்தோரு வருசமா மொதப் பந்தியில யார ஒக்கார வெக்கறதுன்னு பஞ்சாயத்துப் பண்ணுனவன், ஒரு வண்டி சீட்டுக்குப் பஞ்சாயத்துப் பண்ண முடியாதுங்களா? பண்ணுனேன். போறப்ப அக்கா, வாரப்பச் சம்பந்தியம்மான்னு முடிச்சு, ரெண்டு பேரையும் ஒத்துக்க வெச்சு, நோட்டுல கோடு போட்டு மூடி வெச்சேன். மூடி வெச்சு அரை மணி நேரத்துல சம்பந்திகிட்ட இருந்து போனு. அவரு பங்காளி வீட்டுல அதே சனிக்கெழமை நிச்சயம் வெச்சுட்டாங்களாம். போகாம இருக்க முடியாதாம். அவரு தம்பியும் போகோணும். அவங்க ரெண்டு குடும்பமும் வரலீன்னதும், அப்ப நாங்க மட்டும் எதுக்குன்னு ஈஸ்வரமூர்த்தி. வண்டி காலியாப் போகுது, குலுக்கும்னு அவன் மச்சினனுக. ஒரே நாள்ல முப்பத்திரண்டு பேரும் கழண்டுக்கிட்டாங்க சார். அத்தன பேரும் ஒரே மாதிரிச் சொன்னாங்க. இன்னொரு நாளைக்குப் பாப்பமுங்க.

மொதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. ரெண்டு மாசங் கழிச்சுச் சொல்றாங்க. தேர இழுத்துத் தெருவுல விட்ட மாதிரி என்னைய விட்டுட்டாங்க. அக்கா மட்டும் செத்த தயங்குனா. மலைக்குன்னு புதுச் செருப்பு ஒண்ணு வாங்கி, வீட்டுக்குள்ளயே போட்டுப் போட்டு நடந்து பழகியிருந்தாளாம். அவ மருமக வேண்டாம்னதும் அவளும் வரலீன்னுட்டா.

வியாழக்கெழமை பொழுதோட, ரெண்டு நோட்டையும் தூக்கிப் பரண் மேல போட்டுட்டு வந்து குணவதிகிட்டச் சொன்னேன். எல்லாம் போச்சு புள்ள, அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு.

"எல்லாருமா வரல?"

"எல்லாருந்தான். முப்பத்திரண்டு பேரும்."

"அப்ப நாம ரெண்டு பேருதானுங்க மிச்சம். அறை நாளைக்குத்தான?"

நானே நொந்து போயி ஒக்காந்திருக்கறேன், இவ அறையப் பத்திக் கேக்கறா. எனக்குக் கோவம் வந்துருச்சு சார். "ரெண்டே பேருக்காக யாரு போவா? ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டு, அவங்கள விட்டுப்போட்டு நாம மட்டும் போனா நல்லாருக்குமா?"ன்னு கேட்டுப்போட்டேன். நான் கேட்டது ஞாயந்தானுங்க? நீங்களே சொல்லுங்க. அவ ஒண்ணும் சண்டை போடல. சரிங்கன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. சரின்னு சொன்னா எல்லாம் சரியாப் போச்சுன்னுதான நாம நெனைப்பம்.

வெள்ளிக்கெழமை, அதான் நேத்து, நான் முழிச்சுப் பாக்கறப்ப வீட்டுல அவ இல்ல. சோறு வடிச்சு, கொழம்பு வெச்சு, மோரு தாளிச்சு, எல்லாத்தையும் மூடி வெச்சிருக்கறா. கோயிலுக்குப் போயிருப்பான்னு இருந்தேன். சமையக்கட்டுல வெல்ல டப்பா மட்டும் தொறந்து கெடந்துச்சு. ஒரு கட்டி ஒடைச்சிருந்துது. அடடா, எறும்பு வந்துருமேன்னு நானே மூடி வெச்சேன்.

கேட்டீங்களா? மூடி வெச்சேன் சார். வெள்ளிக்கெழமை மேக்க சூலம், மேக்க போறவங்க வெல்லம் போட்டுக்கோணும்னு என்ற கையால நோட்டுல எழுதுனவன். டப்பாவப் பாத்ததும் தெரிஞ்சிருக்கோணுமில்ல? தெரியலையே. எட்டு மணி வரைக்கும் பாத்துட்டு, ஒவ்வொருத்தருக்காப் போனப் போட்டேன். குணவதி அங்க வந்தாளான்னு. நோட்டுலதான் எல்லாரு நம்பரும் இருக்குதே. பரண்ல இருந்து எடுத்து, முப்பத்திரண்டு பேருக்கும் வரிசையாக் கேட்டுட்டேன். வண்டி குலுக்கும்னு வரமாட்டேன்னவங்க, நிச்சயம்னு வரமாட்டேன்னவங்க, முக்காவாசிப் பேரு பதறிக் கெளம்பி வந்துட்டாங்க. பதினோரு மணிக்கு வீட்டுக்குள்ள இருவத்தஞ்சு பேரு. ஆறு எங்கே, கெணறு எங்கேன்னு ஆளுக்கொரு பேச்சு. காப்பி வெச்சுக் குடுக்க ஆளில்ல. அக்கா அந்தப் புதுச் செருப்பப் போட்டுட்டு வந்திருந்தா.

மத்தியானந்தான் கோகிலவாணி பேசுனா. அம்மா தெப்பக்காடு போய்ச் சேந்துட்டாங்கப்பா, நல்லா இருக்கறாங்க, வெடியால மொத பஸ்ஸுக்கே போயிட்டாங்கன்னா. அறையத்தான் கேன்சல் பண்ணச் சொன்னனேன்னேன். "அம்மா வேண்டாம்னு சொல்லிட்டாங்கப்பா. எத்தன பேரு சேந்தாலும், எத்தன பேரு கழண்டாலும், அந்த அறை அப்படியே இருக்கட்டும்னு மொதல்ல இருந்தே சொல்லிட்டு இருந்தாங்க."

எம்பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்குது சார். எனக்குத்தான் தெரியல.

விடுதி போனுல குணவதியக் கூப்புட்டுக் குடுத்தாங்க. உனக்கு என்ன கோவம்னு கேட்டேன். கோவமெல்லாம் ஒண்ணுமில்லீங்கன்னா. அப்பறம் எதுக்கு இப்படிப் பண்ணுனன்னேன். அவ வேற என்னமோ சொல்றா. "இங்க சத்தமே இல்லீங்க. ஆத்துல தண்ணி கொஞ்சமாத்தான் போகுது, அது போறது கூடக் கேக்குது. வெளிய ஒரு மான் கூட்டம் நிக்குது. நான் காப்பி குடிச்சு முடிக்கற வரைக்கும் அதுக நின்னுட்டே இருந்துச்சு." எனக்கு இந்தப் பக்கம் இருவத்தஞ்சு பேரு பேசற சத்தத்துல பாதி கேக்கல. அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கும்னு நெனைக்கறேன். அப்பறந்தான் சொன்னா.

"வாரதா இருந்தா நாளைக்கு வாங்க. ஒரு நாளு மிச்சம் இருக்குது. தனியா வாங்க. உங்களுக்குப் பொறத்தால ஒருத்தரு எறங்குனாலும், நான் அறைக்குப் போயிக் கதவச் சாத்திக்குவேன். அப்பறம் தொறக்க மாட்டேனுங்க."

முப்பத்தாறு வருசத்துல அவ என்கிட்ட அப்படிப் பேசுனதில்ல. கொரலு கூட ஒசத்தல. பயந்துட்டேன் சார், மறைக்கறதுக்கு என்ன இருக்குது. அவ தொறக்க மாட்டான்னா தொறக்க மாட்டா.

இங்க இவங்க விடுவாங்களா? நாங்களும் வாரம், பேசிச் சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வந்தரலாம்னு ஈஸ்வரமூர்த்தி. வண்டிய இப்பவே சொல்லட்டுமான்னு சம்பந்தி. பாத்தீங்களா, இப்ப வண்டி வருது. சூலத்தப் பத்தி யாரும் பேசல. நான் எல்லாருக்கும் ஆகட்டும் ஆகட்டும்னு தலையாட்டிட்டு, இன்னைக்கு வெடியால ஒருத்தருக்கும் சொல்லாம, கதவப் பூட்டிச் சாவியப் பூந்தொட்டிக்கு அடியில வெச்சுட்டு பஸ் ஏறிட்டேன். சொல்லாம ஒரு எடத்துக்குப் போறது என்ற வாழ்க்கையில இதுதான் மொதத் தடவை. திருட்டுத்தனம் பண்ற மாதிரியே இருக்குது. மேட்டுப்பாளையத்துல இருந்தே போனு அடிக்குது. ஆப் பண்ணி வெச்சுட்டேன்.

எனக்கு இன்னும் ஒண்ணு வெளங்கல சார். இத்தன பாடு நான் யாருக்காகப் பட்டேன்? அவ ஆசைப்பட்டாளேன்னுதான? ஒரு ஆளு கொறையில்லாம எல்லாரையும் சேத்து, ஒரு கல்யாணமாட்டம் அவளுக்கு நடத்திக் காட்டோணும்னுதான? கடைசியில நான்தான் குத்தவாளி. இப்பக்கூட, ஊட்டி பஸ் ஸ்டாண்டுல எங்க மண்டபத்துல பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணுன ஒருத்தரப் பாத்தேன். எங்கீங்க மேனேஜரேன்னாரு. தெப்பக்காடுங்க, நீங்களும் வாங்களேன்னேன். ஆகட்டுங்க, இன்னொரு நாளைக்குன்னு கையெடுத்துக் கும்புட்டுட்டுப் போனாரு. அவரு சார் மொறை தெரிஞ்ச மனுசன். எல்லாரும் அவராட்டம் இருந்திருந்தா, நான் குணவதியோட நேத்தே வந்து எறங்கியிருப்பேன்.

என்ன சொல்றீங்க? நான் கூப்புடாமயே இருந்திருக்கலாமா?

அது எப்படீங்க முடியும்.

தெப்பக்காடுங்கறாரு கண்டக்டரு. வந்துருச்சாட்ட இருக்குது. இந்தாங்க உங்க பையி. ரெண்டு மணி நேரமா என்ற பொலம்பலக் கேட்டுட்டு வந்தீங்க, இந்தக் காலத்துல யாரு சார் கேக்கறா. நெம்ப சந்தோசமுங்க. நீங்களும் எறங்குங்களேன், ஒரு வாய் காப்பி குடிச்சுட்டு, எங்களோட யானையெல்லாம் பாத்துட்டு, அடுத்த பஸ்ஸுக்குப் போயிக்கலாம்.

ஏனுங்க சார், பைய மாட்டிட்டு எந்திரிக்கறீங்க?

இல்லீங்க, நான் கூப்புட்டேன். நாந்தான் கூப்புட்டேன், இல்லைன்னு சொல்லல. மைசூர்ல ஒண்ணும் அவசரமில்லைங்களா. அப்படீங்களா. செத்த இருங்க. கண்டக்டரே, ஒரு நிமிசம், எறங்கறனுங்க.

அவத்த, அங்க பாருங்க சார். ஸ்டாப்புல ஊதாச் சேலை கட்டிட்டு நிக்கறா பாருங்க, அவதான். மொதப் படியில நான் நிக்கறது அவளுக்கு நல்லாத் தெரியுது. ஆனா என்னையப் பாக்கலீங்க. எனக்குப் பொறத்தாலதான் பாக்கறா. யாரு எறங்கறாங்கன்னு.

ஒக்காருங்க சார்.

நீங்க வர வேண்டாம்.

கோவிச்சுக்கோங்க, பரவால்ல. வந்த மனுசன வர வேண்டாம்னு இந்த வாயி அறுவத்திமூணு வருசத்துல சொன்னதில்லீங்க. அந்த அட்ரஸ வேணும்னா அழிச்சுப்போடுங்க. எனக்கு ஒரே ஒரு ஒத்தாசை மட்டும் பண்ணுங்க. நான் கால ஊனுன ஒடனே கண்டக்டர விசிலடிக்கச் சொல்லுங்க. வேற ஒருத்தரும் எறங்காம இந்த வண்டி கெளம்பிப் போறத அவ பாக்கோணும்.